எழுபத்தொரு சதவீத மாப்பிள்ளை

தாழக்குடி,
திங்கட்கிழமை.

என் மனைவியின் கூடப்பிறந்தவரும், என் மகளின் தாய்மாமனும், எங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஏழு வருடமாக என் உயிரை வாங்குகிறவருமான மாப்பிளை பகவதியப்பன் அவர்களுக்கு, அத்தான் தெய்வநாயகம் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம். அங்கு உம் நலமும் வீட்டில் உள்ளவர்கள் நலமும் அறிய ஆவல். இந்த இரண்டு வரியும் மரியாதைக்கு எழுதியது. உண்மையில் இங்கு ஒருவரும் நலமில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு நூற்றெழுபதில் நிற்கிறது. உம் அக்காள் உலகம்மாள் சனிக்கிழமையில் இருந்து என்னிடம் பேசவில்லை. சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். உம் நலம் அறிய எனக்கு ஆவலும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர். நேற்று பேசினேனே! நான் விஷயத்துக்கு வருவதற்குள், "அத்தான், விட்டு விட்டுக் கேக்கு, பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டீர். பொறவு என்றால் எந்த வருடம் வே? முப்பத்தொரு வருடம் கிளைத் தபால் ஆபீசில் இருந்தவன் நான். கடிதம் விட்டு விட்டுக் கேட்காது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கோயம்புத்தூரில் நீர் கையெழுத்துப் போட்டு வாங்கியாக வேண்டும். கிடைக்கவில்லை என்று என்னிடம் கதை விட முடியாது.

விஷயம் இதுதான். உம் மருமகள் தன்யா ஒரே ஒரு கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. பெற்றவன் சொன்னால் கேட்கவில்லை. நீர் சொன்னால் கேட்பாள். இந்தப் பாழாய்ப்போன நிலைமைக்கு எப்படி வந்தோம் என்பதை முதலில் இருந்து எழுதுகிறேன். ஏனென்றால் முதலில் நிற்பவர் நீர்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மார்கழியில் சுசீந்திரம் தேர் பார்க்க வந்தீர். தேரைப் பார்த்தீரோ என்னவோ, என் வீட்டில் உட்கார்ந்து ஆறு ரசவடையைப் பார்த்தீர். தன்யா அப்போது பி.எஸ்சி. கடைசி வருடம். அடுத்து பி.எட். படிக்க வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னேன். பி.எட். முடித்தால் வேலை கிடைக்கிறதோ இல்லையோ, மாப்பிள்ளை கிடைப்பான். இது நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவனுக்கும் தெரியும். கோயம்புத்தூரில் நூலகராக இருக்கிற நீர், வடையைக் கீழே வைக்காமல் சொன்னீர்: "பி.எட். என்னத்துக்கு அத்தான்? லைப்ரரி சயன்ஸ் படிக்க வையுங்கோ. இப்ப அது புக்கு அடுக்குத வேலை மட்டும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வேணும், கோர்ட்டுக்கு வேணும், டிவிக்காரனுக்கு வேணும், மருந்துக் கம்பெனிக்கு வேணும். ஒலகத்துல தகவல் கூடக் கூட, அதை வகைபிரிச்சு எடுத்துக் குடுக்க ஆளு வேணும்லா? ஒரு சண்டை இல்ல, ஒரு சத்தம் இல்ல. நம்ம பிள்ள நிழல்ல உக்காந்து சம்பாதிப்பா."

சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். கூட்டமாய்ப் போனவளைக் கூட்டத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த மண்டையிடி கிடையாது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

படித்தாள். நன்றாகத்தான் படித்தாள், அதில் குறை சொல்ல மாட்டேன். நூலக அறிவியலில் ஒரு பட்டம், அதற்கு மேல் இன்னொரு பட்டம், அதற்கும் மேல் ஏதோ தகுதித் தேர்வு, அத்தனையிலும் தேறினாள். சென்னையில் டிவிக் கம்பெனியில் பழைய வீடியோக்களைத் தேதிவாரியாகத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை வந்தது. பெங்களூரில் மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சிக் கட்டுரை தேடுகிற வேலை வந்தது. பெண்பிள்ளை கண் முன்னால் இருக்கட்டும் என்று நான்தான் அனுப்பவில்லை. பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உதவி நூலகராகச் சேர்ந்தாள். போன வருடம் பெரிய நூலகர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு முழுக்க இவள் தலையில் வந்தது.

வேலை கிடைத்தது. அதை ஊருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரணியலில் இருந்து பெண் பார்க்க வந்த ஒருவர், "புக்கு எடுத்துக் குடுக்கதுக்கா ரெண்டு டிகிரி?" என்று கேட்டார். தோவாளையில் மொத்தப் பூ வியாபாரம் செய்கிற இன்னொருவர் ரொம்ப வருத்தத்தோடு, "எங்க வீட்டுல தினப்பேப்பர் ஒண்ணுதான் வாங்குதோம், பிள்ளைக்கு அடுக்கதுக்கு ஒண்ணும் இருக்காதே" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுசன், கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இது போதாது என்று வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. ஒரு விஷயம் சொன்னால், "யாரு எழுதுனதுப்பா? எப்ப? எதுல?" என்று கேட்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிற வாட்சப் குழுவில் என் பெரியப்பா மகன் அண்ணன், சுண்டைக்காய்த் தண்ணீர் குடித்தால் சர்க்கரை வியாதி மூன்று நாளில் போய்விடும், அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்தார் என்று போட்டார். பாவம், எல்லாருடைய நல்லதுக்கும்தான் போட்டார். இவள் நூற்று நாற்பது பேர் பார்க்க, "பெரியப்பா, எந்த டாக்டர், எந்தப் பத்திரிகை, எந்த வருசம்?" என்று பதில் போட்டாள். அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்கு எங்களை அழைக்கவில்லை. கேள்விக்குப் பதில் இல்லாதவன் கோபப்படாமல் என்ன செய்வான்? நான் கோபப்படவில்லையா?

இத்தனைக்கும் நடுவில் தெய்வாதீனமாக ஒரு இடம் வந்தது. பையன் பெயர் தாணுமாலயன். அதே கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறான். நம்ம ஆட்கள், பூதப்பாண்டிப் பக்கம். அவன் அம்மா சொர்ணம்மாளுக்குத் தன்யாவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரே கல்லூரி, ஒரே பைக்கில் போய் வரலாம் என்று மகிழ்ச்சியாகப் பேசினாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: கல்யாணப் பத்திரிகையில் மகன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட வேண்டும். பையன் அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடிக்கிற தறுவாயில் இருந்தான். தலைப்பு என்ன தெரியுமா? 'நாஞ்சில் நாட்டு நெல் விவசாயம்: தோவாளை வட்டம் ஓர் ஆய்வு.' தமிழிலேயே எழுதியிருக்கிறான், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தபாலாபீசோடு வயலும் பார்த்து வந்த எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம் வயலைப் பற்றி நம் மாப்பிள்ளை எழுதுகிறான் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி அச்சடித்து வந்து பீரோவில் இருக்கிறது, தேதி இடத்தை மட்டும் காலியாக விட்டு.

இப்போது வருகிறது நீர் எனக்குச் சொல்லாமல் மறைத்த விஷயம். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னால் கல்லூரி நூலகத்துக்கு வர வேண்டுமாம். நூலகர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டால், அதில் எவ்வளவு மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று அது காட்டிக் கொடுக்குமாம். பத்து சதவீதம் வரை மன்னிப்பு. அதற்கு மேல் போனால் திருத்தி எழுத வேண்டும். அறுபதைத் தாண்டினால் ஆளையே பதிவில் இருந்து நீக்கிவிடலாமாம். பார்த்துவிட்டு நூலகர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, டிவி என்று ரசவடையைக் கடித்துக்கொண்டு பட்டியல் போட்டீரே, களவு பிடிக்கிற வேலையும் இதில் உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னீரா?

போன வாரம் தன்யா கல்லூரியில் இருந்து வந்தாள். "ஏட்டி, மாப்பிளை புக்கு என்னாச்சு?" என்று கேட்டேன். "எழுபத்தொண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். நீரே சொல்லும், எழுபத்தொரு சதவீதம் என்றால் ஒரு தகப்பன் என்ன நினைப்பான்? நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் வாங்கியது நாற்பத்திரண்டு. உடனே சொர்ணம்மாளுக்குப் போன் போட்டேன். "சம்மந்தியம்மா, மாப்பிளைக்கு எழுபத்தொண்ணு! பர்ஸ்ட் கிளாஸு! எம் மகதான் போட்டுக் குடுத்திருக்கா" என்று சொன்னேன். சொர்ணம்மாள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். வாட்சப் ஸ்டேட்டசில் மகன் படத்தையும் எழுபத்தொன்றையும் போட்டாள். பையனுடைய தாய்மாமன், அந்தக் கல்லூரி நிர்வாகக் கமிட்டியில் இருக்கிறவர், அவர் ஒரு படி மேலே போய், பஸ் நிறுத்தத்தில் ஃபிளக்ஸ் வைத்துவிட்டார். 'ஆராய்ச்சியில் 71 சதவீதம் பெற்று நாஞ்சில் மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் குலக்கொழுந்தே' என்று, பையன் கண்ணாடி போட்டுக் கைகட்டி நிற்கிற படம், பத்தடிக்கு ஆறடி.

அந்த வழியாகக் காரில் போன கல்லூரி முதல்வர் கண்ணில் அது பட்டது. ஆராய்ச்சியில் யாரும் சதவீதம் வாங்குவது கிடையாதாம். "எதுல எழுபத்தொண்ணு?" என்று கேட்டிருக்கிறார். தன்யா அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பையனைத் தனியாகக் கூப்பிட்டு, திருத்தி எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தாள். முதல்வரே கேட்டதும் கம்ப்யூட்டர் அறிக்கையை எடுத்துக் காட்டாமல் எப்படி இருப்பாள்? அந்த ஒரு போன் நான் போடாமல் இருந்திருந்தால் என்று உம் அக்காள் சொல்கிறாள். நான் போட்டது வாழ்த்து. வாழ்த்துவது குற்றமா?

சனிக்கிழமை சொர்ணம்மாளும் தாய்மாமனும் பையனும் வந்தார்கள். வந்ததும் சொர்ணம்மாள் என்னைப் பார்த்து, "லட்டு குடுக்க வச்சு நாறடிச்சிட்டியளே!" என்றாள். தாய்மாமன் மட்டும் நிதானமாகப் பேசினார். "மருமவளே, கம்ப்யூட்டரு தப்பாக் காட்டிட்டுன்னு எழுதி, ஒம்பது சதவீதம்னு புதுசா ஒரு சர்டிபிகேட்டு குடு. ஒரு கையெழுத்துதான? முதல்வரை நான் பாத்துக்கிடுதேன். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அதுக்குள்ள வரலேன்னா, லைப்ரரிக்கு வேற ஆளு வரும், எம் மருமவனுக்கு வேற பொண்ணு வரும். மனசிலாச்சா?"

நான் தன்யாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் காப்பித் தட்டை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்: "இன்னும் யுனிவர்சிட்டிக்குப் போகல்லலா, அவிய திருத்தி எழுதட்டும் மாமா. ஆறு மாசம் ஆகும். எந்த வரி யாரு எழுதுனதுன்னு நானே கூட உக்காந்து குறிச்சுக் குடுக்கேன். கல்யாணத்தை அதுக்குப் பொறவு வச்சிக்கிடலாம், பத்திரிகையில டாக்டர்னே போடலாம். ஆனா எழுபத்தொண்ண ஒம்பதுன்னு நான் எழுத மாட்டேன்."

பையன் செல்போனைத் தடவிக்கொண்டே இருந்தான். சொர்ணம்மாள்தான் எழுந்தாள். "கட்டிக்கிடப் போறவனுக்கு ஒரு கையெழுத்துப் போடாதவ, நாளைக்கு ஒரு வாய் தண்ணி குடுப்பாளா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினாள். காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் கத்தினேன். கத்தாமல்? "ஏட்டி, வயசு இருவத்தாறு ஆகுது. ஊரு ஒலகத்துல எவன் காப்பியடிக்காம பாஸ் ஆனான்? அவன் என்ன பேங்கையா கொள்ளையடிச்சான்?" என்றேன். அதற்கு அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "யப்பா, நீங்க தபாலாபீசுல இருக்கும்போது சொந்தக்காரன் கேட்டான்னு தேதிய மாத்தி முத்திரை குத்துவியளா?" "முத்திரையும் மாப்பிளையும் ஒண்ணாட்டீ?" என்றேன். அந்த ஆத்திரத்தில், உன்னைப் படிக்க வைத்ததே நான் செய்த தப்பு என்று சொல்லிவிட்டேன். அதில் இருந்துதான் உம் அக்காள் பேசவில்லை.

தன்யா அழுதாள் என்று நினைப்பீர். அழவில்லை. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் தூக்கி வந்து என் கட்டிலில் வைத்தாள். "நீங்க வாசிச்சுப் பாருங்கோ. வாசிச்ச பொறவும் போடுன்னு சொன்னா, போட்டுட்டு ராஜினாமா பண்ணிருதேன்" என்றாள். நெல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் எதற்கு? நாற்பது வருடமாகச் சேற்றில் நிற்கிறவன் நான். அது கட்டிலிலேயே கிடக்கிறது. தலைக்கு வைத்தால் கழுத்து வலிக்கிறது.

ஆகையால் மாப்பிளை, இந்தக் கடிதம் கண்டதும் தன்யாவுக்குப் போன் போடும். சிக்னல் இல்லை என்றால் மாடியில் ஏறி நின்று போடும். கையெழுத்துப் போடச் சொல்லும். நூலகர்கள் எல்லாம் இப்படித்தான் விட்டுக்கொடுத்துப் போவோம் என்று பொய்யாவது சொல்லும். கல்யாணம் முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நின்றுபோனால் ஊருக்குள் என்ன பெயர் வரும்? மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்றுதான் வரும். அப்புறம் எவன் வந்து பெண் கேட்பான்? எனக்கு அந்தப் பயம்தான், வேறென்ன? நீர் செய்யாவிட்டால் இனி என் வீட்டுப் படி ஏற வேண்டாம். தேர் பார்க்க வேண்டும் என்றால் நேராகச் சுசீந்திரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே ரயில் ஏறிவிடும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும் இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக. உமக்கான ஆசீர்வாதம் வெள்ளிக்கிழமை நிலவரத்தைப் பார்த்து அனுப்பி வைக்கப்படும்.

இப்படிக்கு,
கோபமும் வெப்ராளமுமாக இருக்கும் அத்தான்,
தெய்வநாயகம்.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்:

உறையை ஒட்டக் காலையில் பசை கேட்டேன். உம் அக்காள் மூன்று நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "பிள்ள உங்கள வாசிச்சுப் பாக்கத்தான சொன்னா? ஒரு பக்கம் பாத்தியளா? ஒண்ணையும் வாசிக்காம இவ்வளவு எழுதுதியளே, உங்களுக்கும் அந்தப் பயலுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். அவள் வாயை அடைப்பதற்காகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாப்பிளே, நாற்பதாம் பக்கத்தில், 'தோவாளை வட்ட விவசாயிகள் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மேட்டூர் அணை திறப்பதை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றனர்' என்று எழுதியிருக்கிறான். எந்த மேட்டூர் வே? நமக்குத் தண்ணீர் தருகிற பேச்சிப்பாறை அணையின் பெயரே முந்நூறு பக்கத்தில் கிடையாது. குறுவை என்கிறான், தாளடி என்கிறான். நம் கன்னிப்பூப் போகமும் கும்பப்பூப் போகமும் எங்கே போயின? எவனோ தஞ்சாவூரைப் பற்றி உழைத்து எழுதியதை எடுத்து, தஞ்சாவூர் என்று வந்த இடத்தில் எல்லாம் தோவாளை என்று மாற்றியிருக்கிறான். 'சோழர் கட்டிய தோவாளைப் பெரிய கோவில்' என்று நூற்றிருபதாம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் கடைசியில் விவசாயிகளின் பேட்டி என்று ஒரு பகுதி. எட்டாவது பேட்டி: 'திரு. தெய்வநாயகம், வயது 63, தாழக்குடி.' பெண் பார்க்க வந்த அன்று, "மாமாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டான். என் உடம்பைப் பற்றி அக்கறையாகக் கேட்கிறான் என்று நினைத்து நானும் சொன்னேன். வேறு ஒரு கேள்வியும் என்னிடம் கேட்டதில்லை. அந்தப் பேட்டியில் நான் சொல்கிறேனாம்: 'காவிரித் தண்ணீர் வராததால் என் குறுவை கருகிவிட்டது. எனக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். ஒருவரும் விவசாயத்துக்கு வரவில்லை. பெண் பிள்ளை கிடையாது.'

திரும்பத் திரும்ப வாசித்தேன். என் வீட்டில் உட்கார்ந்து, என் மகள் கையால் காப்பி வாங்கிக் குடித்தவன், எனக்குப் பெண் பிள்ளை கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதியதை அவனே ஒரு தடவை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். அதைத்தான் சரி என்று கையெழுத்துப் போடச் சொல்லி, கண்ணைக் காட்டியவன் நான்.

நீர் போன் போட வேண்டாம். சொர்ணம்மாளுக்கு நானே போட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பீரோவில் இருந்த பத்திரிகையைக் கிழித்தாயிற்று. இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, கை நோக எழுதியது. மேலே திட்டியதை நீர் செய்த வேறு ஏதாவது தப்புக்கு என்று வைத்துக்கொள்ளும். பெங்களூர் கம்பெனியில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று மட்டும் விசாரித்து எழுதும்.

இப்போதுதான் தன்யா வந்தாள். "ஏட்டி, அந்த எட்டாவது பேட்டிய நீ வாசிச்சியா?" என்று கேட்டேன். "வாசிச்சேன்ப்பா" என்றாள். "பொறவு ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நான் சொன்னா நம்ப மாட்டியளே" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சனிக்கிழமை வராத அழுகை இன்றைக்கு வந்தது. எனக்கும் வந்தது, உம் அக்காளிடம் சொல்லிக்கொண்டிருக்காதீர்.

வெள்ளிக்கிழமை அவளோடு நானும் காலேஜுக்குப் போகிறேன். கமிட்டி அறைக்கு வெளியே நீ யார் என்று கேட்பார்கள் அல்லவா? நான்தான் தாழக்குடித் தெய்வநாயகம், எனக்குப் பெண் பிள்ளை உண்டு, இவள்தான் என்று சொல்லப் போகிறேன்.